இருபதாவது வசனம்

1957 பங்குனியில், உடையார்கட்டுக் குளத்தின் இரண்டாம் துருசடியில், வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகடியில், நின்று பரமலிங்கம் சொன்ன ஆங்கில வசனம் ஒன்று எட்டு வருடம் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. துருசுக் கட்டிலிருந்து நாலைந்து எட்டுத் தள்ளி, ஒரு மனிதனின் வாயளவு உயரத்தில் அது நின்றது. கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தைக் கடப்பவரின் காதில் பரமலிங்கத்தின் குரலிலேயே ஒருமுறை கேட்கும். திரும்பி வரும்போது இன்னொருமுறை கேட்கும். சைக்கிளில் வேகமாகப் போனால் வசனமும் வேகமாகப் போகும். முதல் கிழமை சனம் அந்த வழியை விட்டுச் சுற்றிப் போனது. இரண்டாம் கிழமை மாடுகள் பழகிவிட்டன. மூன்றாம் கிழமை சனமும் பழகி, அந்த இடத்துக்கு வசனத்தடி என்று பெயர் வைத்து, தண்ணீர் முறைக்கு ஆள் பார்த்து நிற்பதற்கும், தவணை சொல்லுவதற்கும் அதையே அடையாளமாக்கிக் கொண்டது. அந்த வருடம் மார்கழி வெள்ளத்தில் துருசடி எட்டு நாள் தண்ணீருக்கடியில் கிடந்தபோது, வசனம் குமிழி குமிழியாக மேலே வந்தது என்று தோணியில் போனவர்கள் சொன்னார்கள். வெள்ளம் வடிந்த பிறகு போய்ப் பார்த்தார்கள். இருந்த இடத்தில் இருந்தது.

அது சொல்லப்பட்டது இப்படித்தான். அரசாங்கம் குளத்தடியில் காணி கொடுத்துக் குடியேற்றிய கொலனிக்குத் தண்ணீர் பங்கிடும் பொறுப்பு கதிர்காமநாதனுடையது. கோடைச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்க விடுவது என்று அவருக்கு முடிவெடுக்க முடியவில்லை. கூட விட்டால் ஆவணியில் குளம் வற்றும்; குறைய விட்டால் ஆட்கள் வீட்டு வாசலுக்கு வந்து சண்டை பிடிப்பார்கள். தலையைச் சொறிந்துகொண்டு துருசடியில் நின்றவர், மண்வெட்டியோடு வந்த பரமலிங்கத்தைக் கண்டு, "நான் என்ன செய்ய, பரமலிங்கம்?" என்று கேட்டார். மறுமொழியை எதிர்பார்த்துக் கேட்கவில்லை. பரமலிங்கம் யாழ்ப்பாணத்தில் ஒரு மிஷன் கல்லூரியில் படித்தவர். கந்தோர் உத்தியோகம் கிடைக்கும் கிடைக்கும் என்று பார்த்திருந்து, கிடைக்காமல், 1953இல் மூன்று ஏக்கர் வயலும் கொஞ்சம் மேட்டுக்காணியும் எடுத்துக்கொண்டு வந்தவர். வாய் பேசாத மனிதர். கொலனிக்கு வந்த நாலு வருடத்தில் அவரிடம் யாராவது நெருப்புப்பெட்டி கேட்டிருப்பார்கள், யோசனை கேட்டதில்லை. அன்று அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். முதுகை நிமிர்த்தினார். வலது கையை நெஞ்சில் வைத்து, கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்கும் இல்லாத ஒரு குரலில் ஒரு வசனம் சொன்னார். சொல்லி முடிந்ததும் யார் சொன்னது என்று தானே திரும்பிப் பார்த்தார்.

"என்ன சொன்னனீர்?" என்றார் கதிர்காமநாதன்.

"தெரியாது. வந்திட்டுது" என்றார் பரமலிங்கம். பிறகு குளக்கட்டில் குந்தியிருந்து, ஒவ்வொரு சொல்லாக யோசித்து அதைத் தமிழாக்கிக் கொடுத்தார். ஆற்றை மறித்தவன் அதன் தாகத்துக்கும் பொறுப்பாளி.

கதிர்காமநாதன் இரண்டு நாள் அதையே மென்றார். மூன்றாம் நாள் விதைப்பைப் பாதியாகக் குறைத்து, மிச்சத் தண்ணீரை ஆட்களுக்கும் மாடுகளுக்கும் என்று விட்டார். ஏச்சு வாங்கினார். ஆவணியில் அயலூர்க் குளங்கள் வெடித்துக் கிடக்க, உடையார்கட்டு மாடுகள் மட்டும் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. அதன் பிறகு பரமலிங்கம் தனியே நடந்து போன நாள் குறைவு.

சனம் கேட்கக் கேட்க வசனங்கள் வந்தன. கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளர் ஒருவனுக்குக் கடனுக்குப் பொருள் கொடுப்பதா விடுவதா என்று கேட்ட இடத்தில், பசித்தவனிடம் வாக்குறுதி வாங்காதே, அவன் கொடுத்துவிடுவான் என்ற வசனம் சீனிச் சாக்குக்கு மேலே நின்றது. எல்லைக்காக வெட்டுக்கத்தி எடுத்த இரண்டு சகோதரர்களின் வேலியில், கோபத்தில் பூட்டிய கதவுக்குத் திறப்புச் செய்யும் கொல்லன் இன்னும் பிறக்கவில்லை என்பது நின்றது. அவர்கள் அந்த வேலியில் போய்வர ஒரு படலை வைத்தார்கள். மனு எழுதுவதா என்று கேட்டவர்களுக்கு, அரசனின் வாசல் அகலம், காது ஒடுக்கம் என்று வந்தது. அவர்கள் மனுவைச் சுருக்கி ஒரு வரியில் எழுதினார்கள். வீதிக்குப் போடக் கிரவல் மண் வந்தது. நீர்ப்பாசனப் பகுதியிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் துருசடியில் நின்று தொப்பியைக் கழற்றி, யார் அங்கே என்று ஆங்கிலத்தில் மூன்று தரம் கேட்டுவிட்டு, துருசு நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார். வெறுமனே கதை கேட்டால் வசனம் வராது, முடிவெடுக்கத் தெரியாமல் முன்னால் வந்து நின்று, நான் என்ன செய்ய என்று கேட்டால்தான் வரும் என்பதையும், ஒருமுறை வந்தது திரும்ப வராது என்பதையும் கொலனி மெல்ல மெல்லக் கண்டுபிடித்தது.

பரமலிங்கத்தின் மனைவி பத்மாசனிக்கு முதலில் பெருமைதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். தன் புருஷனின் ஆங்கிலம் காற்றில் நின்று ஊருக்குப் பயன்படுவதைச் சாவகச்சேரியில் இருக்கும் அவரின் தமையன் வீட்டுக்குக் கடிதத்தில் எழுதினாள். தங்கள் ஒரே மகள் இராசமலரை அந்த வீட்டில்தான் படிக்க விட்டிருந்தார்கள். பதினோராவது வசனம் வந்த அன்று, சோறு போட்டுக் கொடுத்துக்கொண்டே, இதெல்லாம் எங்கேயிருந்து வருகிறது என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள். பரமலிங்கம் சிரித்துக்கொண்டு சொன்னார்.

அது நாடகம். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் யாரோ எழுதியது. பெயர் அவருக்கே மறந்துவிட்டது. அதில் முடிவெடுக்கத் தெரியாத ஒரு ராசா. காட்சிக்குக் காட்சி அவன் தன் கிழட்டு மந்திரியிடம் வந்து, நான் என்ன செய்ய என்று கேட்பான். மந்திரி ஒரு வசனம் சொல்லுவான். மொத்தம் இருபது வசனம். இருபதாவதைச் சொல்லிவிட்டு அரங்கிலேயே விழுந்து சாவான். 1936இல், பதினாறு வயதில், கல்லூரி நாடகத்தில் பரமலிங்கம்தான் மந்திரி. கஞ்சியால் ஒட்டிய பஞ்சுத் தாடி, கண்மையால் கீறிய முகச் சுருக்கம், ஊதா நிற அங்கி. பத்தொன்பதையும் சொன்னார். இருபதாவது மறந்துபோனது. திரைக்குப் பின்னால் நின்று ஆசிரியர் எடுத்துக் கொடுத்தாராம்; தாடிப் பஞ்சு காதை அடைத்துவிட்டதால் கேட்கவில்லையாம். ராசா வேடக்காரன் அழத் தொடங்க, திரையைப் போட்டுவிட்டார்கள்.

"அண்டைக்கு அந்தக் கிழவன் சாகேல்லை" என்று சொல்லி அவர் மோரை வாங்கிக் குடித்தார்.

பத்மாசனி சிரிக்கவில்லை. மோர்ச்சட்டியை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய், இருபது புளியங்கொட்டையை எண்ணி ஒரு போத்தலில் போட்டாள். பதினொன்றை வெளியே எடுத்தாள். போத்தலில் ஒன்பது கிடந்தன.

அன்றிலிருந்து அவளுக்கு நித்திரையும் இல்லை, சோறும் இறங்கவில்லை. மனிதரைப் பார்க்கப் பார்க்க, முன்பு கவனிக்காதவை எல்லாம் கண்ணில் பட்டன. நாற்பது வயதுக்காரர், நடையில் எழுபது தெரிந்தது. வாசற்படி ஏற நிலையைப் பிடித்தார். பன்னிரண்டாவது வசனத்துக்குப் பிறகு காலையில் தலையணையில் பஞ்சு கிடந்தது. தலையணை கிழிந்ததாக்கும் என்று தைத்தாள். பிறகு ஒருநாள் அவர் கண்ணாடிக்கு முன்னால் சவரம் செய்கையில் பார்த்தாள். கத்தியில் வந்தது மயிர் இல்லை, வெள்ளைப் பஞ்சு. நாடியில் முளைத்திருந்தது. அவர் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. அவள் அதைப் பொறுக்கித் திரித்து சாமி விளக்குக்குத் திரியாகப் போட்டாள். நன்றாகவே எரிந்தது, வாசமும் இல்லை. அது எரிந்து முடியும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். கிழவன் இந்த மனிதருக்குள்ளே இருபது வருடத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறான், விட்ட இடத்திலிருந்து முடித்துவிட்டுப் போகப் போகிறான், போகும்போது தனியே போக மாட்டான் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

அவள் ஆட்களை மறிக்கத் தொடங்கினாள். படலையடியிலேயே ஒரு கதிரையைப் போட்டு இருந்து, முகம் வாடிய யார் வந்தாலும், அவர் வயலுக்குப் போயிட்டார், அவர் தண்ணீரூற்று ஊருக்குப் போயிட்டார், அவருக்குக் காய்ச்சல் என்றாள். சந்தோஷமாக வந்தவர்களை மட்டும் உள்ளே விட்டாள். அவர் வெளியே போகையில் வாய் நிறைய வெற்றிலையைத் திணித்து அனுப்பினாள். சனத்துக்கு அவள் மேல் கோபம் வந்தது. மனிசி மனிசனைப் பூட்டி வைத்திருக்கிறா, ஊருக்குக் கிடைச்ச நல்லதைக் குசினிக்குள்ள ஒளிச்சு வைச்சிருக்கிறா என்று கிணற்றடியில் கதைத்தார்கள். அவள் கேட்டும் கேளாதவள் மாதிரித் தண்ணீர் அள்ளினாள். இப்படிக் காவல் காத்தும் மூன்று வருடத்தில் கொட்டைகள் குறைந்துகொண்டு போயின. கலியாணம் பேசுவதா என்று ஒருவன் நாற்று நடும் வயலுக்குள் இறங்கிப் போய்க் கேட்டான். பெண்சாதி விட்டுவிட்டுப் போன ஒருவன் பஸ்ஸுக்குள் கேட்டான். அந்த வசனம் பஸ்ஸோடு புதுக்குடியிருப்புக்கும் முல்லைத்தீவுக்கும் போய் வந்துகொண்டிருந்தது. 1961 வைகாசியில் போத்தலில் இரண்டு கொட்டைகள் கிடந்தன.

பத்தொன்பதாவதைக் கேட்டது பத்மாசனியேதான். அன்று பின்னேரம் பரமலிங்கம் அடுப்படிக்கு வந்து, ஒரு கையை இடுப்பு நாரியில் ஊன்றிக்கொண்டு, தேத்தண்ணி கேட்டார். அவரின் நாடியில் அன்று காலையில் வழித்த பஞ்சு அதற்குள் அரை விரல் வளர்ந்திருந்தது. அதைக் கண்டதும் மூன்று வருடமாக அடக்கி வைத்திருந்தது அவளுக்கு உடைந்துவிட்டது. "எத்தினை பேரை எண்டு நான் மறிக்கிறது? நான் என்னதான் செய்ய, சொல்லுங்கோ" என்று அழுதாள். சொல்லி வாயை மூடுமுன் தெரிந்துவிட்டது. ஓடிப்போய் அவரின் வாயைப் பொத்தினாள். விரல்களுக்கிடையால் வசனம் வந்து அடுப்புக்கு மேலே நின்றது. பயத்தைக் காவலுக்கு வைத்தவன் முதலில் பயத்துக்குச் சோறு போட வேண்டும். அதன் பிறகு ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதக் குனிந்த போதெல்லாம் அதைத்தான் அவள் கேட்டாள், காலையில் ஒருதரம், மத்தியானம் ஒருதரம், பின்னேரம் ஒருதரம்.

முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் கருவாடு கொண்டுவரும் கொன்ஸ்ரன்ரைன் அந்தக் கிழமை வந்தார். ஐம்பத்தைந்து வயது. கடற்கரையில் தன் கிறிஸ்தவக் கோயில் திருநாளுக்கு வருடாவருடம் கூத்துப் பழக்கி மேடையேற்றும் அண்ணாவியார் அவர். நாலு வருடமாக வசனத்தடியைக் கடந்து வந்தவர்தான், அது ஏதோ கொலனிக்காரரின் விவகாரம் என்று விட்டிருந்தார். அன்று பத்மாசனி பாரைக் கருவாட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வாங்குவதா வேண்டாமா என்று தெரியாமல் அழுதுகொண்டு நிற்க, என்ன தங்கச்சி என்று கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பஞ்சையும் காட்டினாள். அவர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுக் குசினிக்குள் வந்து, அடுப்பின் முன் குனிந்து அந்த வசனத்தைக் கேட்டார். ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாதவர். இருந்தும் தலையை ஆட்டினார்.

"இது பாத்திரம் முடியாத ஆளின்ர குரல்" என்றார். "ஆர் இவருக்குச் சட்டம் குடுத்தது? திருப்பி வாங்கினவையோ?"

அவர் சொன்னதன் பொருள் இது. கூத்தில் ஒருவனுக்குப் பாத்திரம் கொடுக்கும்போது அண்ணாவியார் வெற்றிலை வைத்துக் கொடுப்பார். அதற்குச் சட்டம் கொடுத்தல் என்று பெயர். வெற்றிலையை வாங்கியவன் அந்தப் பாத்திரத்துக்குச் சொந்தக்காரன். பழகும் நாட்களில் கடைசி அடியைப் பாட விடமாட்டார்கள், அது அரங்கேற்றத்துக்கு. இடையில் அவனால் முடியாமல் போனால், வெற்றிலையோடு பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்னொருவன் கையில் மாற்ற வேண்டும். கடைசி அடியைப் பாடாமலும் பாத்திரத்தைத் திருப்பாமலும் மேடையை விட்டு இறங்கினவனைப் பாத்திரம் விடாது. கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். படித்த ஆட்கள், வெள்ளைக்காரரின் நாடகம் என்று நினைத்து, வெற்றிலையும் இல்லாமல் சட்டமும் இல்லாமல் ஏறி இறங்கிவிட்டார்கள். பிழை அங்கேதான்.

"ஆருக்கும் மாத்தலாம்" என்றார் கொன்ஸ்ரன்ரைன். "ஆனா வாங்கிற ஆளோடதான் கிழவன் இருப்பான். கடைசி அடி வரேக்கை அந்த ஆளோடதான் போவான். அதை நான் மறைச்சுச் சொல்லேலாது. நான் வாங்கலாம் எண்டால், என்னட்டை ஏற்கெனவே ஏழு பேற்றை பாத்திரம் கிடக்குது."

கதிர்காமநாதனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் தன் நாலு பிள்ளைகளின் பெயரையும் வரிசையாகச் சொன்னார். வசனத்தால் படலை வைத்த சகோதரர்களைக் கேட்டார்கள். தமையன் தம்பியைக் காட்டினான், தம்பி தமையனைக் காட்டினான். கொலனியில் ஆங்கிலம் படித்த மற்ற ஒரே ஆள் அன்று பார்த்து வவுனியாவுக்குப் போயிருந்தார். பரமலிங்கம், போதும் விடுங்கோ, வந்தது என்னோட போகட்டும் என்று சொல்லிக்கொண்டு கதிரையில் இருந்தார். முற்றத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அப்போது பத்மாசனி கேட்டாள்.

"அண்ணாவியார், ஒருத்தரும் வந்து என்ன செய்ய எண்டு கேக்காட்டி, அந்த வசனம் வருமோ?"

"கேக்காட்டி வராது."

"அப்ப எனக்குத் தாங்கோ" என்றாள். "என்னை ஆர் கேக்கப் போகினம்."

முற்றத்தில் நின்றவர்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கொலனி தொடங்கி எட்டு வருடத்தில் ஒரு பெண்ணிடம் போய், நான் என்ன செய்ய என்று கேட்ட ஒருவரும் அங்கே இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான். பரமலிங்கம் மட்டும், "உமக்கு இங்கிலிசு தெரியாதெல்லோ" என்றார். "தெரிஞ்ச ஆக்கள் என்னத்தைக் கண்டவை" என்று அவள் சொன்னாள். கொன்ஸ்ரன்ரைன் கால் கழுவி வந்து, ஐந்து வெற்றிலையும் ஒரு பாக்கும் எடுத்து, பரமலிங்கத்தின் கையால் தொட வைத்து, மந்திரி மந்திரி மந்திரி என்று மூன்று தரம் பெயர் சொல்லி அவளிடம் நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். வாங்கியதும் நாக்கின் கீழே ஏதோ வந்து குந்தியது. ஒரு புளியங்கொட்டை அளவு இருக்கும், சூடாக இருந்தது.

மறுநாள் பரமலிங்கத்தின் நாடியில் கறுப்பு மயிர் முளைத்தது. ஒரு மாதத்தில் முதுகு நிமிர்ந்தது. வசனங்கள் நின்ற இடங்களில் நின்றன, புதிதாக ஒன்றும் வரவில்லை. சனம் கொஞ்ச நாள் வந்து பார்த்துவிட்டு, பழையபடி தாங்களே யோசித்தும் தாங்களே பிழைவிட்டும் வாழப் பழகியது. பத்மாசனிக்குப் பஞ்சு முளைக்கவில்லை. படியேறும்போது இடது முழங்கால் மட்டும் ஒரு கிழவனுடைய முழங்கால் மாதிரி நொந்தது. வசனத்தை நாக்குக்குக் கீழே வைத்துக்கொண்டு அவள் சமைத்தாள், களை பிடுங்கினாள், நெல் அவித்தாள். என்ன வசனம் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு முனை கரடு, மற்ற முனை வழவழப்பு. அவ்வளவுதான் தெரியும். பயம் மட்டும் குறையவில்லை. ஊறுகாய்க்கு எவ்வளவு உப்பு என்று பக்கத்து வளவுக்காரி கேட்டபோது உடம்பெல்லாம் வியர்த்தது. அது கணக்கில் வராது என்று பிறகுதான் விளங்கியது.

பொல்லாத காலம் இராசமலரின் விடுமுறைகள்தான். பிள்ளைக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் எடுப்பதா கலை எடுப்பதா என்று ஒரு குழப்பம், சிநேகிதியோடு ஒரு கோபம், பெரியம்மா வீட்டில் ஒரு மனவருத்தம். தலைக்கு எண்ணெய் வைத்து இழுக்கும்போது, "அம்மா, நான் என்ன..." என்று தொடங்குவாள். பத்மாசனி எண்ணெய்க் கையால் அவளின் வாயைப் பொத்தி, "கொப்பாவைக் கேள்" என்பாள். நாலாம் தரம் பொத்தியபோது பிள்ளை எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு கேட்கவில்லை. பிள்ளை பஸ் ஏறிப் போன பிறகு பத்மாசனி குசினிக்குள் இருந்து விக்கி விக்கி அழுதாள். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள இவ்வளவு கொடுக்க வேண்டுமா என்று இருந்தது. அடுப்புக்கு மேலே நின்ற வசனம், பயத்துக்குச் சோறு போடுவதைப் பற்றி மீண்டும் சொன்னது.

1964இல் காலபோகத்து மாரி மழை பொய்த்தது. 1965 சித்திரையில் குளத்தின் அடி தெரிந்தது. துருசடி வசனம் வெடித்த சேற்றுக்கு மேலே நின்று, ஆற்றின் தாகத்தைப் பற்றிப் போகிறவர் வருகிறவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. கேட்கச் சகிக்கவில்லை என்று சனம் மறுபடியும் சுற்றிப் போனது. கதிர்காமநாதன் காணியைத் தம்பிக்காரனிடம் விட்டுவிட்டு யாழ்ப்பாணம் போனார். இன்னும் ஆறு குடும்பம் போனது. சாவகச்சேரியிலிருந்து பரமலிங்கத்தின் தமையன் எழுதினார்: இங்கே வாருங்கோ, மகளோடு இருக்கலாம், புகையிலைத் தோட்டம் பார்க்கலாம், அந்தக் காட்டில் கிடந்து காயத் தேவையில்லை.

கடிதத்தை மடித்து மடிக்குள் வைத்துக்கொண்டு பரமலிங்கம் மூன்று நாள் வயலையே பார்த்துக்கொண்டு திரிந்தார். நாலாம் நாள் பின்னேரம், வெயில் தாழ்ந்து குசினி வாசலுக்குள் விழுந்த நேரம், வந்து வாசற்படியில் குந்தினார். பத்மாசனி முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்கக் கூடாது என்று அவருக்குத் தெரியாததல்ல. நாலு வருடத்தில் மறந்துபோனதோ, பாரம் தாங்க முடியாமல் வாய்விட்டு வந்ததோ, அதைப் பிறகு அவராலும் சொல்ல முடியவில்லை.

"இஞ்சேரும்" என்றார். "எனக்கொண்டும் விளங்கேல்லை. நான் என்ன செய்ய? நீர் சொல்லும்."

நாக்கின் கீழே இருந்தது அசைந்தது. அவள் பல்லைக் கடித்தாள். கடித்தால் நிற்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டால் அது அடங்கிவிடும், இன்னும் நாலு வருடம், பத்து வருடம் வாழலாம். ஆனால் மனிதர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுமொழிக்குக் காத்திருந்தார். கலியாணம் முடித்த இருபது வருடத்தில் அவர் அப்படி அவள் முகத்தைப் பார்த்து, அவள் வாயிலிருந்து என்ன வரும் என்று காத்திருந்தது அதுதான் முதல் தரம். அந்தச் சந்தோஷம் அவளுக்குப் பயத்தை விடப் பெரிதாக இருந்தது. செத்தாலும் பரவாயில்லை, கேட்டவருக்கு மறுமொழி சொல்லாமல் எழுந்து போகமாட்டேன் என்று நினைத்து அவள் வாயைத் திறந்தாள்.

வசனம் வந்தது. அவளுடைய குரலில், அவளுக்குத் தெரியாத பாஷையில், ஒரு எழுத்துப் பிசகாமல் வந்தது. பரமலிங்கம் அதைக் கேட்டு, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இருபத்தொன்பது வருடத்துக்கு முன் பஞ்சு அடைத்த காதுக்கு எட்டாமல் போனது அதுதான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை. முற்றத்தில்தான் ஒரு மூட்டை விழுந்த மாதிரிச் சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தார்கள். முருங்கைக்குக் கீழே ஒரு கிழவன் செத்துக் கிடந்தான். ஊதா அங்கி, இடுப்பில் மினுக்கக் கடதாசி ஒட்டிய பட்டி, காலில் சப்பாத்து. முகச் சுருக்கமெல்லாம் கண்மையால் கீறியவை, சில இடத்தில் வியர்த்துக் கலைந்திருந்தன. தாடி பஞ்சு. உடம்பு மட்டும் உண்மையான உடம்பு, இன்னும் சூடு ஆறவில்லை. பத்மாசனி குனிந்து அவனின் கண்ணை மூடிவிட்டாள். நாலு வருடம் தன்னோடு இருந்தவன் என்று நினைக்க அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள்.

மறுநாள், ஊரில் மரணங்களைப் பதியும் விதானையார் வந்து பதிந்தார். பெயர் மந்திரி என்று எழுதினார். வயது முந்நூற்றைம்பது என்று பரமலிங்கம் சொல்ல, அதையும் எழுதினார். ஆள் இங்கிலாந்துக்காரன், வேதக்காரன், எரிக்கேலாது, குழியில் தாழ்க்கத்தான் வேண்டும் என்றார் கேள்விப்பட்டு வந்த கொன்ஸ்ரன்ரைன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலே சைவ உடம்புக்குள் இருந்து வெள்ளிக்கிழமை விரதம் பிடித்த ஆள் என்றார் பரமலிங்கம். கடைசியில் குளக்கட்டுக்குக் கீழே மருத மரத்தடியில் தாழ்த்தார்கள். கொன்ஸ்ரன்ரைன் செபம் சொல்லி, கடைசி அடியை முழுதாய்ச் சொன்ன ஆளைப் பாத்திரம் விட்டுவிடும், தன் கணக்குத்தான் பிழை என்று பத்மாசனியிடம் ஒப்புக்கொண்டார், பரமலிங்கம் தேங்காய் உடைத்தார், படலை வைத்த சகோதரர்கள் குழி வெட்டினார்கள். அன்று பொழுதுபடுவதற்குள் கொலனியில் நின்ற வசனங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. பஸ்ஸுக்குள் நின்றது புதுக்குடியிருப்புத் தரிப்பில் இறங்கிப் போய்விட்டதாக நடத்துனர் சொன்னார். துருசடியில் சைக்கிள்காரர் பழக்கத்தில் வேகத்தைக் குறைத்துப் போனார்கள். பத்மாசனி அடுப்பை ஊதக் குனிந்தாள். விறகு எரியும் சத்தம் மட்டும் கேட்டது. வீடு கொஞ்சம் வெறிச்சோடித்தான் போயிருந்தது.

தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு அவள் கேட்டாள், அந்தக் கடைசி வசனத்தின் பொருள் என்ன என்று.

பரமலிங்கம் தொண்டையைச் செருமினார். "ராசாவே, என்னைக் கேட்டது காணும், இனிப் பக்கத்திலை இருக்கிறவளைக் கேள்" என்றார். பிறகு, மேடையில் அந்த நேரம் ராணி பக்கத்தில்தான் நின்றாள் என்றும், முழு நாடகத்திலும் அவளுக்கு ஒரு வசனமும் எழுதியிருக்கவில்லை என்றும் சொன்னார்.

அவள் தேத்தண்ணிக் குவளையை வாங்கிக் கழுவி வைத்தாள். "அப்ப இருப்பம்" என்றாள். "மேட்டுக்காணியிலை கிணத்தை இன்னும் ரெண்டு முழம் வெட்டுவம். பிள்ளையை இஞ்சை கூட்டிக்கொண்டு வாங்கோ, அவளோட எனக்கு ஒரு கதை பாக்கி கிடக்குது."

அடுத்த நாள் விடிய, மிச்சம் இருந்த விதைநெல்லை என்ன செய்வது என்று பரமலிங்கம் கேட்டார். அவள் சொன்னாள். அது தமிழில் இருந்தது, சொன்ன இடத்தில் நிற்கவில்லை. அவர் அதைத் தன்னோடு கொண்டு வயலுக்குப் போனார்.